ஐந்து நிமிடத்தில் ஒரு போர்

சதுரங்கம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, நாடியில் கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்காக யோசிக்கும் இரண்டு பெரியவர்கள்தான். ஒரு காய் நகர்வதற்குள் தேநீர் ஆறிவிடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தூக்கமே வந்துவிடும்.

ஆனால், பல்கலைக்கழக மாணவர்கள் கூடும் இடங்களில் ஓய்வு நேரத்தில் விரும்பி ஆடப்படுவது வேறொரு சதுரங்கம். ஆளுக்கு ஐந்தே நிமிடம். சில வேளைகளில் மூன்றே நிமிடம். அதற்குள் ஆட்டம் முழுவதும் முடிந்தாக வேண்டும். 'பிளிட்ஸ்' என்று இதற்குப் பெயர். ஜேர்மன் மொழியில் மின்னல் என்று அர்த்தம். நாமும் இதனை மின்னல் சதுரங்கம் என்றே அழைக்கலாம்.

இந்த மின்னல் ஆட்டத்தில் சமபலமுள்ள இருவர் மோதினால் அது விறுவிறுப்பாக இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. சிறுவயது முதல் போட்டிகளில் ஆடிப் பழகிய ஒருவருக்கு எதிரே, பாடசாலைக் காலத்தில் பொழுதுபோக்காக மட்டும் ஆடிய இன்னொருவர் வந்து அமர்கிறார். முடிவு ஏறக்குறைய தெரிந்ததுதான். அப்படியானால் எளியவர் ஏன் அமர வேண்டும்? தோற்பதற்காகவா?

இந்தக் கேள்வி சதுரங்கப் பலகைக்கு மட்டும் உரியதல்ல, சகோதரிகளே. 'அவள் கெட்டிக்காரி, அவளோடு நான் எப்படி?' என்று நம் பெண்பிள்ளைகள் கணித வகுப்பிலும், பேச்சுப் போட்டியிலும், விஞ்ஞானப் பிரிவின் வாசலிலும் ஒதுங்கி நின்று விடுகிறார்களே, அங்கெல்லாம் இதே கேள்விதான் எழுகிறது. ஆகவே இந்த ஐந்து நிமிட ஆட்டத்தைச் சற்று உற்று நோக்குவோம்.

கடிகாரம் என்ற மூன்றாம் ஆள்

ஆரம்ப காலத்தில் சதுரங்கப் போட்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு எதுவும் இருக்கவில்லை. 1851ம் ஆண்டு லண்டனில் முதலாவது சர்வதேசப் போட்டி நடைபெற்றபோது கடிகாரம் கிடையாது. விரும்பிய வரை யோசிக்கலாம். எதிராளியைச் சோர்வடையச் செய்தே வெல்ல முயல்கிறார் என்று சிலர் மீது குற்றச்சாட்டும் எழுந்தது.

இந்தக் கஷ்டத்தைத் தீர்க்க 1861ல் மணற்கடிகாரம் வந்தது. 1883ல் லண்டன் போட்டியில், ஒரே சட்டத்தில் பொருத்திய இரட்டைக் கடிகாரம் பாவிக்கப்பட்டது. ஒருவரின் கடிகாரம் ஓடும்போது மற்றவருடையது நிற்கும். இன்று வரை இந்த முறை மாறவில்லை. காயை நகர்த்தியதும் உங்கள் பக்கத்துப் பொத்தானை அழுத்துகிறீர்கள். உங்கள் நேரம் நிற்கிறது, எதிராளியின் நேரம் ஓடத் தொடங்குகிறது. எந்தக் கையால் காயை நகர்த்தினீர்களோ அதே கையால்தான் பொத்தானையும் அழுத்த வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் ஒரு கை பொத்தானின் மேலேயே குடியிருந்து விடுமல்லவா?

பழைய கடிகாரங்களில் ஒரு சிறு கொடி இருந்தது. நேரம் முடியும் தறுவாயில் பெரிய முள் அதை மெல்ல உயர்த்தும். மணி நிறைந்ததும் கொடி விழும். கொடி விழுந்தால், பலகையில் நீங்கள் எவ்வளவு முன்னணியில் இருந்தாலும் ஆட்டம் போய்விட்டது. இப்போது இலக்கக் கடிகாரங்கள் வந்து கொடி மறைந்து விட்டது. ஆனாலும் 'கொடி விழுந்தது' என்ற பேச்சு ஆட்டக்காரர்களிடம் இன்னும் உண்டு.

அமெரிக்கரான பொபி பிஷர் இதில் இன்னொரு மாற்றத்தைச் செய்தார். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைப் போனஸாகச் சேர்த்துக் கொடுக்கும் கடிகாரத்துக்கு அவர் 1989ல் காப்புரிமை பெற்றார். 1992ல் யூகோஸ்லாவியாவில் ஸ்பாஸ்கியுடன் ஆடிய போட்டியில் அது பாவிக்கப்பட்டது. இப்போது உலக மின்னல் சதுரங்கப் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடமும், நகர்த்தலுக்கு 2 விநாடி போனஸும் வழங்கப்படுகின்றன.

ஆக, மின்னல் சதுரங்கத்தில் மேசையில் இருப்பவர்கள் இருவரல்லர், மூவர். அந்த மூன்றாம் ஆளான கடிகாரத்துக்கு வலியவர், எளியவர் என்ற பேதம் கிடையாது. இருவரையும் ஒரே மாதிரியாகவே விழுங்குகிறது.

பக்தாதில் ஐந்து தரங்கள்

வலியவர், எளியவர் என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு விடை தேடினால் நாம் ஆயிரம் வருடங்களுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அங்கிருந்து அரபுகளிடம் வந்து 'ஷத்ரன்ஜ்' ஆயிற்று. இன்று உலகமெங்கும் சொல்லப்படும் 'செக்மேட்' என்ற சொல் 'ஷாஹ் மாத்' என்பதிலிருந்து வந்தது. 'ரூக்' என்று ஆங்கிலத்தில் கோட்டையைச் சொல்வதும் 'ருக்' என்ற பழைய பெயரின் மிச்சம்தான்.

அப்பாஸியர் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்-அத்லி, அஸ்-ஸூலி போன்றோர் சதுரங்கத்தைப் பற்றி நூல்களே எழுதினார்கள். ஆட்டக்காரர்களை ஐந்து தரங்களாகப் பிரிக்கும் வழக்கம் அன்றே இருந்தது. மிக உயர்ந்த தரத்தினருக்கு 'ஆலியாத்' என்று பெயர். அவர்கள் தமக்குக் கீழுள்ளவரோடு ஆடும்போது தமது காய்களில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு ஆடுவார்கள். சற்றே எளியவருக்கு ஒரு சிப்பாய். இன்னும் எளியவருக்கு அதைவிடப் பெரிய காய். இப்படித் தராதரத்துக்கு ஏற்பச் சலுகையும் கூடும். ஆடும் இருவருக்கும் ஆட்டத்தில் ருசி இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

கலீஃபா அல்-முக்தஃபியின் சபையில் நடந்த ஓர் ஆட்டம் சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. சபையில் செல்வாக்குப் பெற்றிருந்த அல்-மாவர்தீ என்ற ஆட்டக்காரருக்கும் புதிதாக வந்த அஸ்-ஸூலிக்கும் போட்டி. கலீஃபா தமக்குப் பழக்கமானவரின் பக்கமே சாய்ந்திருந்தார். ஆட்டம் முன்னேற முன்னேற அஸ்-ஸூலியின் பலம் தெரிய வந்தது. கலீஃபாவும் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பெயருக்கும் செல்வாக்குக்கும் பலகையில் இடமில்லை.

நமது காலத்தில் இந்தத் தரப்படுத்தலை எண்ணாக மாற்றியவர் அர்பாட் ஏலோ. ஹங்கேரியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்று, மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்தவர். அவரது கணக்கை அமெரிக்கச் சதுரங்க சம்மேளனம் 1960லும், சர்வதேச சம்மேளனம் 1970லும் ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு புள்ளி எண். வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு 2500ஐ எட்டியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டங்களில் வலியவர் சுமார் 76 புள்ளிகள் பெறுவார், எளியவர் சுமார் 24 பெறுவார் என்று அது சொல்கிறது. வித்தியாசம் 400 என்றால் எளியவருக்குச் சுமார் 9. குறைவுதான். ஆனால் பூச்சியமல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். எளியவர் தோற்றால் அவரது எண்ணிலிருந்து மிகச் சிறிதளவே குறைகிறது. வென்றாலோ ஏராளமாக ஏறுகிறது. இழப்பதற்குக் கொஞ்சம், பெறுவதற்கு நிறைய!

கை ஏன் தானாக நகர்கிறது?

ஐந்து நிமிடத்தில் ஆழமாக யோசிக்க முடியாது. அப்படியானால் யோசிப்பதில் வல்லவரான பலசாலி தமது பலத்தை இழந்துவிட வேண்டுமே? அப்படி நடப்பதில்லை.

1973ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆட்டத்தின் நடுவிலுள்ள ஒரு பலகையை ஐந்தே விநாடிகள் காட்டி மறைத்துவிட்டு, காய்களை அதே இடங்களில் வைக்கச் சொன்னார்கள். புதியவர் நாலைந்து காய்களைச் சரியாக வைத்தார். மாஸ்டர் பெரும்பகுதியை வைத்துவிட்டார். அடுத்து, காய்களைத் தாறுமாறாகப் பரப்பி வைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டரும் புதியவரும் ஏறக்குறைய ஒன்றுதான்!

இதன் அர்த்தம் என்ன? மாஸ்டருக்கு அபூர்வமான ஞாபக சக்தி இருக்கவில்லை. பல்லாயிரம் ஆட்டங்களில் கண்டு பழகிய அமைப்புகள் அவர் மனதில் பதிந்திருந்தன. நன்றாகச் சமைக்கும் உம்மாவுக்கு உப்பை அளக்கக் கரண்டி தேவையா? கை தானாக அளக்கிறது. அதுபோலத்தான் இதுவும்.

2004ல் வெளியான இன்னோர் ஆய்வு இதனை எண்ணிக்கையிலேயே காட்டியது. வழமையான நேரத்தின் 5 சதவீதத்துக்கும் குறைவான நேரத்தில் ஆடும்போதும், ஆட்டக்காரர்களிடையே உள்ள திறமை வேறுபாட்டில் 81 சதவீதம் வரை அப்படியே வெளிப்பட்டுவிடுகிறது என்று அது கண்டது. ஆகவே மின்னல் ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வது சரியல்ல. பயிற்சி, அவசரத்திலும் கைவிடாது.

இதில் எளியவருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. பலசாலியின் பலம் பிறப்பில் வந்த வரமல்ல, கண்டு கண்டு பழகியதால் வந்தது. அப்படியானால் அது நமக்கும் எட்டக்கூடியதுதானே?

ஏழு நகர்த்தலில் ஒரு பாடம்

வலியவரோடு ஆடும் எளியவர் விழும் குழிகளில் மிகப் பிரபலமான ஒன்றைப் பார்ப்போம். 18ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த லெகால் என்ற ஆசானின் பெயரால் இது வழங்கப்படுகிறது. தம்மிலும் எளிய ஒருவருக்கு ஒரு கோட்டையையே விட்டுக்கொடுத்து அவர் இந்த ஆட்டத்தை ஆடியதாகச் சொல்லப்படுகிறது. வீட்டில் பலகை இருந்தால் வைத்துப் பாருங்கள்.

வெள்ளை ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிறார். கறுப்பும் அப்படியே. வெள்ளை ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்துக் கறுப்புச் சிப்பாயைத் தாக்குகிறார். கறுப்பு, ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி அதைக் காக்கிறார். வெள்ளையின் மந்திரி வெளியே வந்து, கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்திலுள்ள பலவீனமான சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பின் மந்திரி பாய்ந்து வந்து வெள்ளைக் குதிரையை முறைக்கிறது. அந்தக் குதிரைக்குப் பின்னால் நிற்பது வெள்ளை ராணி. குதிரை அசைந்தால் ராணி போய்விடும்! வெள்ளை மற்றக் குதிரையையும் எடுக்கிறார். கறுப்பு, ராஜா பக்கத்தில் ஒரு சிப்பாயைச் சும்மா ஒரு கட்டம் நகர்த்துகிறார்.

இப்போது வெள்ளை அசையக்கூடாத அந்தக் குதிரையை எடுத்து நடுவிலுள்ள சிப்பாயை வெட்டுகிறார். ராணி வெட்டவெளியில் நிற்கிறது. கடிகாரம் ஓடுகிறது. எளியவர் என்ன செய்வார்? 'ராணி இலவசமாகக் கிடைக்கிறது!' என்று பாய்ந்து எடுத்து விடுகிறார். வெள்ளை மந்திரி அந்தப் பலவீனமான சிப்பாயை வெட்டி 'செக்' சொல்கிறது. ராஜாவுக்கு முன்னே செல்ல ஒரே ஒரு கட்டம். அடுத்த குதிரை நடுப்பலகைக்கு வருகிறது. செக்மேட்! ராணியைக் கையில் வைத்துக்கொண்டே கறுப்பு தோற்கிறார்.

ராணியை எடுக்காமல், தன் சிப்பாயை வெட்டிய குதிரையை அவர் வெட்டியிருந்தால்? வெள்ளை ராணி கறுப்பு மந்திரியை எடுக்கும். ஒரு சிப்பாய் மட்டுமே நட்டம், ஆட்டம் தொடரும். 'இவ்வளவு வலியவர் ராணியைச் சும்மா தருவாரா?' என்று மூன்று விநாடி நின்று கேட்டிருந்தால் போதும். அவசரத்தில் கிடைக்கும் இலவசத்துக்கு விலை பெரிது என்பதைக் கடைத்தெருவில் நாம் அறிந்ததுதான். பலகையிலும் அதுவே.

எளியவரின் கையிலுள்ளவை

எளியவருக்கு மின்னல் ஆட்டத்தில் ஆயுதமே இல்லையா? உண்டு.

முதலாவது நேரம். வலியவர் அழகான வழியைத் தேடி நேரத்தைச் செலவிடலாம். எளியவர் சாதாரணமான, ஆனால் பிழையில்லாத நகர்த்தல்களை மளமளவென்று செய்தால், கடைசி முப்பது விநாடியில் நிலைமை தலைகீழாகலாம். கொடி விழும்போது எதிராளியிடம் செக்மேட் செய்யப் போதிய காய் எதுவும் இல்லாமல் ராஜா மட்டுமே இருந்தால் ஆட்டம் சமநிலை. ஒரே ஒரு சிப்பாய் இருந்தாலும் அது எளியவரின் வெற்றி. ஆகவே கடைசிச் சிப்பாயையும் காத்துக்கொள்வதில் அர்த்தமிருக்கிறது.

இரண்டாவது 'ஸ்டேல்மேட்'. ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் விதிப்படி நகர்த்தவும் எதுவுமில்லை என்றால் ஆட்டம் சமநிலையாகிவிடும். வென்றாகிவிட்டது என்ற எண்ணத்தில் ராணியை அவசரமாக வைத்து, எதிராளியின் ராஜாவை இப்படி முடக்கி, கைக்கு வந்த வெற்றியைப் பறிகொடுத்த பலசாலிகள் அநேகர்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. பாதியில் எழுந்து போகாமல் இருப்பது. நீண்ட ஆட்டத்தில் ஒரு காய் நட்டமானதும் தோல்வியை ஒப்புக்கொள்வது மரியாதை. மின்னல் ஆட்டத்திலோ கடைசி விநாடி வரை அமர்ந்திருப்பவருக்கே வாய்ப்பு.

2004ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் நடந்ததைக் கேளுங்கள். 1975 முதல் 1985 வரை உலக சம்பியனாக இருந்த அனதோலி கார்போவுக்கு எதிரே மின்னல் ஆட்டத்தில் அமர்ந்தவன் நோர்வேயைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன். சிறுவன் வென்றான். அவன் பெயர் மக்னஸ் கார்ல்சன். 2013ல் அவனே உலக சம்பியனானான். 'கார்போவ் எங்கே, நான் எங்கே' என்று அன்று அவன் ஒதுங்கியிருந்தால்?

ஒரு பெண் பயிற்றிய அணி

பல்கலைக்கழகச் சதுரங்கம் நேற்று இன்று வந்ததல்ல. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் 1873ம் ஆண்டு முதல் மோதி வருகின்றன. அமெரிக்கக் கண்டத்துப் பல்கலைக்கழகங்களுக்கான போட்டி 1946ல் தொடங்கியது. நால்வர் கொண்ட அணிகள். சில பல்கலைக்கழகங்கள் சதுரங்கத்துக்கே புலமைப்பரிசில் கொடுத்து வெளிநாட்டுக் கிராண்ட் மாஸ்டர்களைச் சேர்க்கின்றன. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் வளாகம் அவற்றில் ஒன்று. வேறு சில, தம்மிடம் படிக்கும் சாதாரண மாணவர்களையே கூட்டி வருகின்றன. ஒரே மண்டபத்தில் இருவகையினரும் எதிரெதிரே அமர்கிறார்கள்.

இந்தப் போட்டிகளின் சரித்திரத்தில் மறக்க முடியாத பெயர் ஒரு பெண்மணியுடையது. அவர் சூசன் பொல்கார். 1969ல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தை லஸ்லோவும் தாய் கிளாராவும் தமது மூன்று பெண்பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே கல்வி புகட்டினார்கள். நான்கு வயதில் சூசன், 11 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் போட்டியில் ஆடினார். பத்து ஆட்டங்கள், பத்தும் வெற்றி! 1986ல் உலக சம்பியன் தெரிவுக்கான சுற்றுக்குத் தகுதி பெற்றும், பெண் என்ற காரணத்தால் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. அவர் ஒதுங்கிவிடவில்லை. 1991ல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 1992ல் புடாபெஸ்டில் நடந்த பெண்களுக்கான உலக மின்னல் சதுரங்கப் பட்டத்தையும், விரைவுச் சதுரங்கப் பட்டத்தையும் சேர்த்தே வென்றார்.

பின்னர் அமெரிக்காவில் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். 2011லும் 2012லும் அந்த அணி தேசிய பல்கலைக்கழக இறுதிப் போட்டியில் வென்றது. 2012ல் அவர் வெப்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2013 முதல் 2017 வரை ஒவ்வோர் ஆண்டும் வெப்ஸ்டர் வென்றது. தொடர்ந்து ஏழு வருடங்கள்! பெரும்பாலும் ஆண்களைக் கொண்ட அணிகளை வழிநடத்தியவர் ஒரு பெண் என்பதை நினைவில் வையுங்கள்.

வலியவரும் எளியவரும் மோதுவதற்கு இவரிடமே இன்னோர் உதாரணம் இருக்கிறது. 2005ல் புளோரிடாவில் அவர் ஒரே நேரத்தில் 326 பேருடன் ஆடினார். 309 வெற்றி, 14 சமநிலை, 3 தோல்வி. உலக சம்பியன் ஒருவரைத் தோற்கடித்தோம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ள அந்த மூவருக்கும் உரிமை கிடைத்தது. அவர்கள் செய்த பெரிய காரியம் என்ன? வந்து அமர்ந்ததுதான்.

அண்மைக் காலத்தில் கஸகஸ்தானைச் சேர்ந்த பிபிசாரா அஸ்ஸவுபாயேவா 2021ல், தமது 17வது வயதிலேயே பெண்களுக்கான உலக மின்னல் சதுரங்கப் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டும் அவரே வென்றார்.

சலுகை அவமானமல்ல

பக்தாதின் ஆலியாத்கள் காயை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தோம். இன்றைய மாணவர்கள் நேரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். எளியவருக்கு ஐந்து நிமிடம், வலியவருக்கு இரண்டு நிமிடம். வித்தியாசம் மிகப் பெரிதென்றால் ஒரே நிமிடம்.

காயை எடுப்பதைவிட இது நல்லது என்றே தோன்றுகிறது. ஏனெனில் பலகையில் எல்லாக் காய்களும் அப்படியே இருக்கின்றன. எளியவர் கற்பது உண்மையான ஆட்டத்தை. வலியவருக்கும் இது விளையாட்டல்ல. ஒரு நிமிடத்தில் ஆடும்போது அவர் தம் பழக்கத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் உள்ள ஓட்டைகள் அப்போதுதான் தெரியவரும்.

சிலர் சலுகையை வாங்க வெட்கப்படுகிறார்கள். சிலர் அதைக் கொடுக்கும்போது ஏளனமாகக் கொடுக்கிறார்கள். இரண்டும் தவறு. தங்கச்சிக்கு ஐந்து நிமிடமும் தனக்கு இரண்டு நிமிடமும் வைத்துக்கொள்ளும் நானா, அவளைக் குறைத்து மதிப்பிடவில்லை. அவளோடு உண்மையாகவே மோத விரும்புகிறார். அவள் வெல்லத் தொடங்கியதும் சலுகை மூன்று நிமிடமாகும், நான்காகும். ஒரு நாள் இருவருக்கும் ஐந்து ஐந்தாகும். அந்த நாளை நோக்கித்தான் ஆட்டமே. வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பது மட்டும் கூடாது. அது பிள்ளைக்குச் செய்யும் உதவியல்ல, அவளை ஏமாற்றுவது.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல

பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால், அல்லது அதற்குத் தயாராகும் பிள்ளை இருந்தால், இவற்றைக் கவனிக்கலாம்.

ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவருக்கு மின்னல் ஆட்டம் உகந்ததல்ல. முதலில் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று நிதானமாக ஆடிப் பழகட்டும். அமைப்புகள் மனதில் பதிவது நிதானத்தில்தான். பதிந்ததைச் சோதிப்பதே அவசர ஆட்டத்தின் வேலை.

ஐந்து நிமிடம் ஆடினால் பத்து நிமிடம் பேசுங்கள். 'எந்த இடத்தில் என் ஆட்டம் கெட்டது?' என்று தோற்றவர் கேட்க வேண்டும். வென்றவர் பொறுமையாகக் காட்ட வேண்டும். வலியவரோடு ஆடுவதன் லாபம் முழுவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பாய்ந்தால், அதே குழியில் மறுபடியும் விழ வேண்டியதுதான்.

தனிக் கடிகாரம் வாங்க வேண்டிய அவசியமில்லை. கைத்தொலைபேசியிலேயே சதுரங்கக் கடிகாரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதே தொலைபேசியில் முகம் தெரியாதவர்களோடு இரவிரவாக ஆடும் பழக்கம் வேறு. ஒரு ஆட்டம் ஐந்து நிமிடம் என்பதாலேயே 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்று விடியும் வரை நீண்டுவிடும். ஒரு நாளைக்கு இத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. சதுரங்கத்தைப் பற்றி இமாம்களிடையே வெவ்வேறு கருத்துகள் இருந்தாலும், பந்தயப் பணமும் தொழுகையை மறக்கச் செய்யும் மோகமும் ஆகாது என்பதில் இரண்டு பேச்சில்லை.

இன்னொன்று. மகள் தோற்றுவிட்டு வந்தால் 'உனக்கு எதற்கு இதெல்லாம்?' என்று கேட்காதீர்கள். 'யாரோடு ஆடினாய், என்ன கற்றாய்?' என்று கேளுங்கள். முதல் கேள்வி ஒரு கதவை மூடுகிறது. இரண்டாவது கேள்வி அவளை மறுநாளும் அதே மேசைக்கு அனுப்புகிறது.

தம்மிலும் எளியவரையே தேடித் தேடி ஆடுபவர் நூறு வெற்றி பெறலாம். ஆனால் நின்ற இடத்திலேயே நிற்பார். தம்மிலும் வலியவரின் முன்னால் அமரத் துணிந்தவர் பல முறை தோற்பார். ஒவ்வொரு தோல்வியிலும் அந்த வலியவரிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டே எழுவார். நம் பெண்பிள்ளைகளை எந்த நாற்காலியில் அமரச் சொல்லப் போகிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.